1 தெசலோனிக்கர் (நூல்)

1 தெசலோனிக்கர் அல்லது தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் என்பது கிறித்தவ விவிலியத்தின் இரண்டாம் பகுதியாகிய புதிய ஏற்பாட்டில் 13ஆவது நூலாக அமைந்துள்ள மடல் ஆகும். திருத்தூதர் பவுல், தம் உடன்பணியாளர்களான சில்வான், திமொத்தேயு ஆகியோரோடு சேர்ந்து, தெசலோனிக்கா நகரில் தாம் சில மாதங்களுக்கு முன் உருவாக்கிய சபைக்கு இதனை எழுதினார். கி.பி. 50 அல்லது 51ஆம் ஆண்டில் கொரிந்து நகரிலிருந்து இம்மடல் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்தாகும். அவ்வாறாயின், இன்று நமக்குக் கிடைத்துள்ள கிறித்தவ எழுத்துகளுள் மிகப் பழமையானது இதுவே. நான்கு நற்செய்தி நூல்களும் இதற்குப் பின்னரே எழுதப்பட்டன. கலாத்தியருக்கு எழுதப்பட்ட மடலே முந்தியது என்று கருதுவோரும் உளர்.

5 அதிகாரங்களும் 89 வசனங்களும் கொண்ட சிறிய நூல் இது. கிரேக்க மூலத்தில் ஏறத்தாழ 1,500 சொற்களே உள்ளன. பவுலின் பிற்கால மடல்களில் காணப்படும் நீண்ட இறையியல் வாதங்கள் இதில் இல்லை. பழைய ஏற்பாட்டிலிருந்து நேரடி மேற்கோள் ஒன்றுகூட இல்லை. எதிர்ப்புக்கு நடுவில் ஆசிரியரைப் பிரிந்து நிற்கும் ஒரு சிறு குழுவினரைத் திடப்படுத்துவதும், அவர்கள் அன்றாடம் எவ்வாறு வாழவேண்டும் என்று எடுத்துரைப்பதுமே மடலின் நோக்கம்.

நகரம்

தெசலோனிக்கா நகரை கி.மு. 315 அளவில் மாசிதோனிய அரசன் கசாந்தர் நிறுவினான். பேரரசர் அலெக்சாந்தரின் மாற்றாந்தாய்வழிச் சகோதரியும் தன் மனைவியுமான தெசலோனிக்கேயின் பெயரை அவன் நகருக்குச் சூட்டினான். உரோமையர் ஆட்சியில் இது மாசிதோனிய மாநிலத்தின் தலைநகராக விளங்கியது. நல்ல துறைமுகமும், அத்திரியாத்திக் கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்ற எக்னாத்தியா பெருவழியும் இந்நகரை வணிக மையமாக்கின. கி.மு. 42இல் நிகழ்ந்த பிலிப்பிப் போருக்குப் பின் இது 'சுதந்திர நகரம்' என்னும் தகுதி பெற்றுத் தன் அலுவலர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. இந்த உரிமை பேரரசரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்ததால், உரோமைக்கு விசுவாசமின்மை எனத் தோன்றும் எதனையும் நகரத்தார் அஞ்சினர். பவுலுக்கு ஏற்பட்ட எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இச்செய்தி உதவும்.

இந்நகர அலுவலர்களைத் திருத்தூதர் பணிகள் நூல் 'பொலித்தார்க்கு' என்னும் கிரேக்கச் சொல்லால் குறிக்கிறது. பிற கிரேக்க இலக்கியங்களில் காணப்படாத சொல் என்பதால் ஒரு காலத்தில் இது ஐயத்திற்குள்ளானது. பின்னர் தெசலோனிக்காவின் வர்தார் வாயிலில் இருந்த கல்வெட்டு ஒன்றிலும், மாசிதோனியப் பகுதியின் வேறு பல கல்வெட்டுகளிலும் அதே பதவிப்பெயர் கண்டறியப்பட்டது. வர்தார் வாயில் கல்வெட்டு இப்பொழுது இலண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

மடல் எழுந்த சூழல்

திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரம் தரும் செய்தி வருமாறு: பிலிப்பி நகரில் அடிபட்டுச் சிறையிருந்து வெளிவந்த பவுலும் சீலாவும் (மடலில் சில்வான் எனப்படுபவர்) தெசலோனிக்கா வந்தடைந்தனர். பவுல் அங்கிருந்த யூதத் தொழுகைக்கூடத்தில் மூன்று ஓய்வுநாள்கள் உரையாற்றினார். சிலர் அவர் போதனையை ஏற்றனர். ஏற்காதவர்கள் கலகம் விளைவித்து, பவுலுக்கு இடமளித்த யாசோன் என்பவரை நகர அலுவலர்முன் இழுத்துச் சென்றனர். சீசரைத் தவிர வேறோர் அரசர் இருப்பதாக இவர்கள் கூறுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. யாசோன் பிணை கொடுத்து விடுபட்டார். பவுலும் சீலாவும் அன்றிரவே பெரோயாவுக்கு அனுப்பப்பட்டனர்.

மடலிலிருந்து தெரியவரும் படம் இதனோடு முழுவதும் பொருந்துவதாகக் கூற இயலாது. வாசகர்கள் சிலை வழிபாட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று மடல் கூறுவதால் (1:9) அவர்களுள் பெரும்பாலோர் யூதரல்லாதார் ஆவர். தங்கியிருந்த காலமும் மூன்று வாரங்களினும் மிகுதியாக இருந்திருக்க வேண்டும். பவுல் அங்கே தொழில் செய்து பிழைத்திருக்கிறார். மேலும், பிலிப்பியிலிருந்து தமக்கு ஒருமுறைக்கு மேல் உதவி வந்ததாக அவரே வேறொரு மடலில் குறிப்பிடுகிறார் (பிலிப்பியர் 4:16). ஆயினும் அவர் எதிர்பாராத வேளையில் நகரை விட்டு நீங்கினார் என்பதில் இரு நூல்களும் ஒத்துப்போகின்றன.

ஆசிரியர் ஓடிவிட்டார், அவரை நம்பியவர்கள் அண்டை அயலாரின் பகைமையைத் தாங்கிக்கொண்டு ஊரிலேயே இருந்தனர். ஊர்தோறும் சென்று பேசிப் பணம் ஈட்டிய சொற்பொழிவாளர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். பவுலும் அவர்களுள் ஒருவரே என்று அயலார் ஏளனம் செய்திருக்கக்கூடும். பவுல் திரும்பிச் செல்லப் பலமுறை முயன்றும் இயலவில்லை. இறுதியில் ஏதென்சில் தாம் தனியே இருக்க முடிவு செய்து, திமொத்தேயுவைத் தெசலோனிக்காவுக்கு அனுப்பினார் (3:1-2). சபை சிதறிப்போயிருக்கும் என்னும் அச்சம் அவர் எழுத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. திமொத்தேயு திரும்பிவந்து, அவர்கள் உறுதியாக நிற்பதையும் பவுலைக் காண விரும்புவதையும் தெரிவித்தார். அச்செய்தி கேட்ட மகிழ்ச்சியில் எழுதப்பட்டதே இம்மடல்.

காலக் கணிப்பு

பவுலின் வாழ்க்கையில் ஓரளவு துல்லியமாக ஆண்டு குறிக்க உதவும் சான்று, கிரேக்க நாட்டின் தெல்பியில் துண்டுகளாகக் கிடைத்த ஒரு கல்வெட்டு ஆகும். பேரரசர் குளோதியுவின் கடிதமாகிய இது, அக்காயா மாநிலத்தின் ஆளுநராகக் கல்லியோ இருந்ததைக் குறிக்கிறது. பேரரசரின் பட்டங்களைக் கொண்டு கல்லியோவின் பதவிக்காலம் கி.பி. 51-52 எனக் கணிக்கப்படுகிறது. கொரிந்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கிய பவுல் இதே கல்லியோவின் முன் நிறுத்தப்பட்டார் என்று திருத்தூதர் பணிகள் கூறுவதால், அத்தங்கலின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இம்மடல் கி.பி. 50-51இல் அமைகிறது. கல்லியோ, உரோமை மெய்யியலாளர் செனக்காவின் அண்ணன் ஆவார்.

ஊக்கமளித்தல்

'பராக்கலேயோ' என்னும் கிரேக்க வினைச்சொல் இச்சிறு மடலில் எட்டுமுறை வருகிறது. அருகில் அழைத்தல் என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து, ஊக்குவித்தல், ஆறுதல் கூறுதல், வேண்டிக்கொள்ளுதல், அறிவுறுத்தல் என இச்சொல் விரிகிறது. தமிழில் ஒரே சொல்லால் இதனை எல்லா இடத்திலும் மொழிபெயர்க்க இயலாது. ஆறுதலும் அறிவுரையும் கிரேக்கத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதை மனத்திற்கொண்டால், மடலின் முதல் மூன்று அதிகாரங்களும் கடைசி இரண்டும் வெவ்வேறு பகுதிகள் அல்ல என்பது விளங்கும்.

முதற்பகுதியில் புதிய போதனை ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாசகர்கள் ஏற்கெனவே அறிந்தவற்றையே பவுல் நினைவூட்டுகிறார். 'உங்களுக்குத் தெரியும்' என்னும் பொருள்படும் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருவது இம்மடலின் நடைக்கூறு. அவர்களது நம்பிக்கையின் செயலையும் அன்பின் உழைப்பையும் எதிர்நோக்கின் பொறுமையையும் குறிப்பிட்டு நன்றி கூறுகிறார் (1:3). கொரிந்தியர் மடலால் புகழ்பெற்ற இந்த மும்மை முதன்முதலாக எழுத்தில் பதிவாகியிருப்பது இங்கேதான்.

அடுத்துத் தம் நடத்தையைப் பற்றிப் பேசுகிறார். பேராசையோ முகத்துதியோ இன்றி உழைத்ததையும், எவருக்கும் சுமையாகாதபடி இரவும் பகலும் கைத்தொழில் செய்ததையும் நினைவூட்டுகிறார். இப்பகுதியில் அவர் ஆளும் உறவு உவமைகள் குறிப்பிடத்தக்கவை. குழந்தைகளைப் பேணும் பால்தரும் தாயாகவும் (2:7), பிள்ளைகளைத் தனித்தனியே தேற்றும் தந்தையாகவும் (2:11) தம்மைக் காட்டுகிறார். பின்னர், அவர்களைப் பிரிந்ததைக் கூறுமிடத்தில், பெற்றோரை இழந்த பிள்ளையின் நிலையைக் குறிக்கும் சொல்லைத் தமக்கே பயன்படுத்துகிறார் (2:17). தாயும் தந்தையுமாய் இருந்தவர், பிரிவில் அநாதையாகிறார்.

2:7இல் ஒரு பாடபேதமும் உண்டு. சில கையெழுத்துப் படிகளில் 'கனிவுடையோர்' எனப் பொருள்படும் 'எப்பியோய்' என்றும், வேறு பழைய படிகளில் 'மழலைகள்' எனப் பொருள்படும் 'நேப்பியோய்' என்றும் உள்ளது. வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. முந்திய சொல் 'ன்' ஒலியில் முடிவதால், படியெடுத்தவர் அவ்வெழுத்தை இருமுறை எழுதினாரா அல்லது ஒன்றை விட்டுவிட்டாரா என்பதே கேள்வி.

அமெரிக்க அறிஞர் ஆபிரகாம் மால்ஹெர்ப், 1987இல் வெளியிட்ட நூலில், பவுலின் இம்முறையை அக்கால மெய்யியலாளர் தம் மாணவரைப் பேணிய முறையோடு ஒப்பிட்டார். எடுத்துக்காட்டாக நின்று வழிகாட்டல், முன்பே கூறியவற்றை நினைவூட்டல், ஒவ்வொருவரின் நிலைக்கேற்பப் பேசுதல் ஆகியவை இரண்டிலும் பொதுவானவை. எனினும், மாணவர்கள் உறுதியாக நின்றால்தான் தமக்கே உயிர் என்று கூறும் பவுல் (3:8), தன்னிறைவே சிறப்பு எனக் கருதிய சுதோயிக்க மெய்யியலாளரிடமிருந்து வெகுவாக விலகி நிற்கிறார்.

யூதரைப் பற்றிய பகுதி

2:14-16 வசனங்கள் மடலில் மிகுந்த சர்ச்சைக்குள்ளானவை. தெசலோனிக்கர் தம் சொந்த ஊராரிடம் துன்புறுவதை, யூதேயாவின் சபைகள் யூதரிடம் பட்ட துன்பத்தோடு ஒப்பிடும் பவுல், யூதரை மிகக் கடுமையான சொற்களால் சாடுகிறார். உரோமையருக்கு எழுதிய மடலில் இஸ்ரயேல் மீட்படையும் என்று கூறுபவர் இவ்வாறு எழுதியிருப்பாரா என்னும் கேள்வி எழுகிறது. இப்பகுதி கி.பி. 70இல் எருசலேம் அழிந்தபின் வேறொருவரால் செருகப்பட்டது என்று பிர்கர் பியர்சன் 1971இல் வாதிட்டார். ஆனால் இவ்வரிகள் இல்லாத கையெழுத்துப் படி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஆதலால் இவை பவுலின் எழுத்தே என்றும், தம் பணிக்குத் தடையாயிருந்த குறிப்பிட்ட சிலரையே அவர் கண்டிக்கிறார் என்றும் பலர் கருதுகின்றனர். பவுலும் ஒரு யூதரே என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. எவ்வாறாயினும், யூத இனத்தார் அனைவரையும் பழிக்க இவ்வரிகள் பிற்காலக் கிறித்தவர்களால் பயன்படுத்தப்பட்டன என்பதை மறுக்க இயலாது.

நடைமுறைப் போதனை

4ஆம் அதிகாரத்தின் முதற்பகுதி பாலியல் ஒழுக்கம், சகோதர அன்பு, உழைப்பு ஆகிய மூன்றையும் தொடுகிறது. பாலியல் ஒழுக்கத்தைப் பற்றிய பகுதியில் (4:3-8) 'பாத்திரம்' எனப் பொருள்படும் சொல் ஒன்று வருகிறது. அது மனைவியைக் குறிக்கிறதா, தன் உடலைக் குறிக்கிறதா என்பது தொடக்ககாலந்தொட்டே உரையாசிரியர்களிடையே விவாதிக்கப்பட்டு வருகிறது. சகோதர அன்பைப் பற்றித் தாம் எழுதத் தேவையில்லை என்கிறார். அவர்கள் கடவுளாலேயே கற்பிக்கப்பட்டவர்கள் என்பதற்கு அவர் ஆளும் 'தெயோதிதாக்தோய்' என்னும் சொல் இவருக்கு முந்திய கிரேக்க நூல்களில் காணப்படவில்லை.

அமைதியாக வாழ்வதை இலட்சியமாகக் கொள்ளுதல், தத்தம் வேலையைப் பார்த்தல், சொந்தக் கையால் உழைத்தல் என்னும் அறிவுரை (4:11-12) மேலோட்டமாகப் படிப்பவருக்கு எளிய நற்புத்தியாகவே தோன்றும். ஆனால் அக்கால மேல்தட்டினர் கைத்தொழிலை இழிவாகவே கருதினர். கைவினைஞர் தொழில்கள் தாழ்ந்தவை என்று உரோமைப் பேச்சாளர் சிசரோ வெளிப்படையாக எழுதியுள்ளார். கூடாரம் செய்யும் தொழில் தெரிந்த பவுல் தாமே உழைத்துக் காட்டிவிட்டு இதனைக் கூறுகிறார். சபையாரும் பெரும்பாலும் கைவினைஞர்களாகவே இருந்திருக்க வேண்டும். அவர் கூறும் காரணங்கள் இரண்டு: வெளியார் முன் மதிப்பாக நடத்தல், எவரையும் சார்ந்திராமை. ஏற்கெனவே சந்தேகத்திற்கு உள்ளான ஒரு குழுவுக்கு முதலாவது காரணம் பாதுகாப்பைப் பற்றியதுமாகும்.

சிலர் வேலையை விட்டது ஏன் என்பதற்கு இருவகை விளக்கங்கள் உண்டு. உலக முடிவு அண்மையில் உள்ளதென நம்பி உழைப்பைக் கைவிட்டனர் என்பது பழைய விளக்கம். செல்வந்தரின் தயவில் வாழும் உரோமை வழக்கத்தைச் சபைக்குள்ளும் தொடர்ந்தனர் என்பது மற்றொன்று. மடல் இவ்விரண்டையுமே நேரடியாகக் கூறவில்லை என்பதால், முதல் விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இவர்களையே 5:14 'அத்தாக்தோய்' எனச் சுட்டுவதாகக் கருதுவர். அணிவகுப்பில் வரிசை தவறிய வீரனைக் குறிக்கும் சொல் இது. தமிழில் 'ஒழுங்கற்றவர்' என்றும் 'சோம்பேறி' என்றும் மொழிபெயர்க்க இடமுண்டு. இதனோடு தொடர்புடைய வினைச்சொல், எகிப்தின் ஒக்சிரிங்குசில் கிடைத்த கி.பி. 66ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்றில் வருகிறது. நெசவு பழக விடப்பட்ட சிறுவன் வேலைக்கு வராத நாள்களை அது குறிக்கிறது. பவுலின் சொல்லுக்கு அகராதியைவிட இந்தப் பாப்பிரசு ஏடு தெளிவான உரையாக உள்ளது.

வேலை செய்யாதவர் உண்ணவும் கூடாது என்னும் பெயர்பெற்ற கண்டிப்பு இம்மடலில் இல்லை. அது 2 தெசலோனிக்கர் 3:10இல் உள்ளது. அம்மடல் பவுலுடையதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1936ஆம் ஆண்டின் சோவியத் ஒன்றிய அரசியலமைப்பின் 12ஆம் பிரிவிலும் இக்கருத்து இடம்பெற்றது.

இறந்தோரைப் பற்றிய கேள்வி

பவுல் நீங்கிய சில மாதங்களுக்குள் சபையாருள் சிலர் இறந்துவிட்டனர். எவ்வாறு இறந்தனர் என்று மடல் கூறவில்லை. இயேசு விரைவில் திரும்பி வருவார் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது பேரிடியாயிற்று. முன்பே இறந்தவர்கள் அந்நாளின் மகிழ்ச்சியை இழந்துவிட்டார்களா என்பது அவர்களை வருத்திய கேள்வி.

பவுல் அழவேண்டாம் என்று கூறவில்லை. எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயருற வேண்டாம் என்றே கூறுகிறார் (4:13). இறந்தோர் பின்தங்கிப் போவதில்லை, அவர்களே முதலில் உயிர்த்தெழுவர், பின்னர் உயிரோடிருப்பவரும் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரை எதிர்கொள்ளச் செல்வர் என்பது அவர் தரும் விடை. 'அவர்களோடு' என்பதே இதில் முதன்மையானது. கேள்வி கேட்டவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

இப்பகுதியில் வரும் இரு சொற்கள் அரசியல் வழக்கிலிருந்து பெறப்பட்டவை. 'பரூசியா' என்பது பேரரசரோ உயர் அலுவலரோ நகருக்கு வருகைதருவதைக் குறிக்கும். 'அப்பாந்தேசிஸ்' என்பது நகரத்தார் வெளியே சென்று அவரை எதிர்கொண்டு அழைத்து வருவதைக் குறிக்கும். ஊர் எல்லைக்குச் சென்று மாலையிட்டு விருந்தினரை அழைத்துவரும் வழக்கம் தமிழருக்கும் தெரிந்ததே. எதிர்கொள்ளச் சென்றவர்கள் விருந்தினரோடு ஊருக்குத் திரும்புவர் என்பதால், இப்பகுதி உலகை விட்டு அகலுவதைக் குறிக்கவில்லை என்று பலர் விளக்குகின்றனர். மாறாக, 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி இதனை அடிப்படையாகக் கொண்டு, பேரின்னல் காலத்திற்கு முன் திருச்சபை மறைவாக எடுத்துக்கொள்ளப்படும் என்னும் கோட்பாட்டைப் பரப்பினார். அமெரிக்க நற்செய்திச் சபைகளில் அது இன்றும் செல்வாக்குடன் உள்ளது. பவுல் இப்பகுதியை எழுதியது காலக்கணக்கு வகுப்பதற்கன்று. இச்சொற்களால் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுமாறு கூறியே அவர் இதனை முடிக்கிறார் (4:18).

அந்நாள் எப்போது வரும் என்பதைக் கணிக்கவும் அவர் இடந்தரவில்லை. இரவில் வரும் திருடனைப் போல் அது வரும் என்கிறார். அமைதியும் பாதுகாப்பும் நிலவுவதாக மக்கள் சொல்லிக்கொண்டிருக்கையில் அழிவு வரும் என்னும் தொடரில் (5:3), உரோமை ஆட்சி தன்னைப் பற்றிப் பரப்பிய பெருமைமொழிகளின் எதிரொலியைப் பலர் காண்கின்றனர்.

இறுதி அறிவுரைகள்

மடலின் முடிவில் குறுகிய கட்டளைகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒழுங்கற்றோருக்கு எச்சரிக்கை, மனந்தளர்ந்தோருக்கு ஊக்கம், வலுவற்றோருக்குத் தாங்கல், எல்லாரிடமும் பொறுமை என்று ஆளுக்கேற்ற மருந்தாக 5:14 அமைந்துள்ளது. இப்பணி சபைத் தலைவர்களுக்கு மட்டும் உரியதன்று. மடல் இதனைச் சகோதரர் அனைவருக்குமே கூறுகிறது. எப்பொழுதும் மகிழ்ந்திருக்கக் கூறும் 5:16, கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மிகச் சிறிய வசனங்களுள் ஒன்று ஆகும். அதில் இரு சொற்களும் 14 எழுத்துகளும் மட்டுமே உள்ளன. இடைவிடாது வேண்டுமாறு கூறும் அடுத்த வசனம், கிழக்கு மரபுவழித் திருச்சபையில் 'இயேசு மன்றாட்டு' என்னும் செபமுறைக்கு ஊற்றாயிற்று. இறைவாக்குகளைப் புறக்கணிக்காமலும், அதே வேளையில் அனைத்தையும் சோதித்தறிந்தும் நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார் (5:20-21).

இம்மடல் சகோதரர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்று பவுல் ஆணையிட்டுக் கூறுகிறார் (5:27). எழுத்தறிந்தோர் சிலரே இருந்த காலத்தில், வேலை விட்டவரும் துயரில் ஒதுங்கியிருந்தவரும் விடுபடாமல் கேட்க வேண்டும் என்பதே இவ்வற்புறுத்தலின் காரணமாகலாம்.

ஏற்பும் ஏடுகளும்

இம்மடல் பவுலுடையது என்பதை 19ஆம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் பெர்டினாண்டு கிறித்தியன் பவுர் ஐயுற்றார். இன்று அவ்வையம் கைவிடப்பட்டு, ஐயத்திற்கிடமற்ற ஏழு பவுல் மடல்களுள் ஒன்றாக இது கொள்ளப்படுகிறது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் தொகுத்த பட்டியலிலும் இது இருந்தது. கி.பி. 200 அளவைச் சேர்ந்த பாப்பிரசு 46 என்னும் ஏட்டில் மடலின் சில பகுதிகள் எஞ்சியுள்ளன. 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளில் முழு மடலும் உள்ளது.

தமிழில்

சீகன்பால்க் மொழிபெயர்த்து 1714-1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் வழியாக இம்மடல் தமிழில் அச்சேறியது. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் இது தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபம் என வழங்கப்படுகிறது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், நிருபம் என்பதற்குத் திருமுகம் என்னும் சொல்லை ஆண்டு, நூற்பெயரையும் தெசலோனிக்கர் எனச் சுருக்கியது.